அத்தியாயம் 7: மார்கழியில் என்ன படிக்கலாம்?

மார்கழி பிறந்ததிலிருந்து காணும் பொங்கல் முடியும் வரை உள்ள ஐந்து வாரங்களைப் போல நெரிசலான காலம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஆண்டில் வேறு இல்லை. பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு, அதைத் தொடர்ந்து விடுமுறை, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, வைகுண்ட ஏகாதசி, ஆருத்ரா தரிசனம், சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் வீடுகளில் பூஜை, சென்னையில் சங்கீத சீசன், புத்தகக் காட்சி, கடைசியாகப் போகி தொடங்கி நான்கு நாள் பொங்கல். "இந்த லீவிலாவது நிறையப் படிக்க வேண்டும்" என்ற ஆசை நமக்கு வருவதும் இதே நாள்களில்தான். தை பிறக்கும்போது எடுத்து வைத்த புத்தகங்கள் மேசையில் அப்படியே இருக்கும். மனமும் கொஞ்சம் சுருங்கிப்போகும்.

இதைச் சோம்பல் என்று யாரும் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். பட்டியல் போடும் வரிசையில்தான் தவறு இருக்கிறது. பிடித்த புத்தகங்களை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு நாள் தேடுகிறோம். நாள்களை முதலில் எண்ணிப் பார்த்து, அவற்றுக்குப் பொருந்தும் புத்தகங்களைப் பிறகு தேடுங்கள். இந்த மாதத்தில் மூன்று புத்தகங்களை நிதானமாகப் படித்து முடிக்க நிச்சயம் முடியும். அந்த மூன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

இதற்கான வழியை மார்கழியே காட்டுகிறது. ஆண்டாளின் திருப்பாவையில் 30 பாசுரங்கள், நாளுக்கு ஒன்று. சிவாலயங்களில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை 20 பாடல்களும் திருப்பள்ளியெழுச்சி 10 பாடல்களும் சேர்ந்து அதே முப்பது. ஒரு சின்ன அளவு, அதற்கென்று ஒரு வேளை, மாதம் முழுக்க அதே ஒழுங்கு. பக்தி உள்ளவரோ இல்லாதவரோ, நெருக்கடியான மாதத்தில் படிக்க விரும்பும் எவருக்கும் இதைவிட நல்ல முறை கிடைக்காது.

1. காலண்டரை நான்காகப் பிரியுங்கள்

மார்கழி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மாதக் காலண்டரையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். ஊருக்குப் போகும் தேதி, விருந்தாளிகள் வரும் தேதி, அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் தேதி, கோயில், கச்சேரி எல்லாவற்றையும் குறியுங்கள். மாதம் தானாகவே நான்கு பகுதிகளாகப் பிரிவதைப் பார்ப்பீர்கள்.

*டிசம்பர் 16 முதல் 23 வரை:* பிள்ளைகளுக்குத் தேர்வு, அலுவலகத்தில் ஆண்டுக்கடைசி வேலை. பகலில் நேரம் இருக்காது. ஆனால் விடியற்காலையில் கோலத்துக்காகவோ கோயிலுக்காகவோ எழும் வீடுகளில் இருபது நிமிடம் கிடைக்கும். பிள்ளை பாடம் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படிக்கலாம். அந்த நேரத்தில் டிவியை அணைத்துத்தான் வைத்திருப்பீர்கள்.

*டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை:* விடுமுறை. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் நள்ளிரவு ஆராதனை, கேக், உறவினர் வருகை. மற்றவர்களுக்குச் சுற்றுலா, சினிமா, கோயில். நேரம் கிடைத்தாலும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

*ஜனவரி 2 முதல் 12 வரை:* பள்ளி திறந்துவிடும். பண்டிகை வேலை இன்னும் தொடங்கியிருக்காது. மார்கழியில் பலர் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் மண்டபங்களுக்கு அலையும் வேலையும் இல்லை. ஐந்து வாரங்களிலேயே அமைதியான நாள்கள் இவைதான்.

*ஜனவரி 13 முதல் 17 வரை:* போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், ஊர்ப்பயணம். இந்த நாள்களுக்குப் புத்தகக் கணக்கு எதுவும் வைக்காதீர்கள்.

இந்தப் பிரிவினை ஒரு உண்மையைக் காட்டும். விடுமுறை மாதத்தில் படிப்பு நடப்பது விடுமுறை நாள்களில் அல்ல, அவற்றுக்கு இடையே வரும் சாதாரண வேலைநாள்களில்தான். "கிறிஸ்துமஸ் லீவில் படித்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்கும் பெரிய நாவல் படிக்கப்படாமலே போவதற்குக் காரணம் இதுதான். அதை ஜனவரி முதல் வாரத்துக்கு மாற்றினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

2. உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

மற்றவர்கள் எத்தனை படிக்கிறார்கள் என்பது உங்களுக்கு உதவாது. நீங்கள் படிக்க நினைக்கும் நாவலையே எடுத்து, வழக்கமான வேகத்தில் இருபது நிமிடம் படியுங்கள். எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள். பத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பகுதியில் எட்டு நாள், நாளுக்கு இருபது நிமிடம்: 80 பக்கம். மூன்றாம் பகுதியில் பதினோரு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம்: 220 பக்கம். மொத்தம் 300. காய்ச்சல், மின்தடை, திடீர் விருந்தாளி என்று கால் பங்கைக் கழித்தால் ஏறக்குறைய 225 பக்கம். இந்த மாதத்தில் நம்பி இறங்கக்கூடிய அளவு இவ்வளவுதான். அதாவது இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு நாவல். துண்டு நேரத்துக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு, பயணத்துக்கு ஒரு சிறிய நூல் என்று இன்னும் இரண்டு சேர்த்துக்கொண்டால் மூன்று. ஏழெட்டுப் புத்தகங்களின் பட்டியல் மாதத்தின் நடுவிலேயே சுமையாகிவிடும். மூன்று என்றால் முடிக்கும் மகிழ்ச்சி கிடைக்கும்.

கட்டுரை, வரலாறு, தத்துவம் போன்றவற்றுக்கு வேகம் பாதியாகக் குறையும். அப்படிப்பட்ட நூலை எடுத்தால் பக்கக் கணக்கையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

3. நேரத்துக்கேற்ற புத்தகம்

*அமைதியான நாள்களுக்கு, ஒரு நாவல்.* கதையோட்டத்தோடு மனிதர்களின் மனமும் விரியும் நாவல்கள் இந்த நேரத்துக்குப் பொருந்தும். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை', கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' ஆகியவற்றில் எதுவாகவும் இருக்கலாம். சங்கீத சீசனில் காது தோய்ந்திருப்பவர்களுக்கு தி. ஜானகிராமனின் 'மோகமுள்' தனி அனுபவம். கும்பகோணத்துச் சூழலில் பாபுவின் சங்கீதப் பயிற்சியும் அவனுடைய குரு ரங்கண்ணாவும் அந்த நாவலின் உயிர்நாடி. அது தடித்த புத்தகம் என்பதால் அதை எடுப்பவர்கள் மற்ற இரண்டையும் விட்டுவிட வேண்டும். மாதத்துக்கு அது ஒன்றே போதும்.

*துண்டு நேரத்துக்கு, சிறுகதைகள்.* குக்கர் விசில் வருவதற்குள், குழந்தை தூங்கி எழுவதற்குள் ஒரு கதையை முடித்துவிடலாம். நடுவில் நிறுத்திய நாவலை மறுநாள் எடுத்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்திருக்கும். சிறுகதையில் அந்தத் தொல்லை இல்லை. புதுமைப்பித்தன், கு. அழகிரிசாமி, ஜெயகாந்தன், ஆ. மாதவன், அம்பை என்று யாருடைய தொகுப்பையும் எடுக்கலாம்.

அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை இந்த மாதத்துக்கென்றே பரிந்துரைப்பேன். புத்தகம் கேட்டு ஒருவர் வீட்டை மொய்க்கும் பிள்ளைகளைப் பற்றிய கதை அது. பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கும் இடம்தான் கதையின் மையம். எல்லோர் கண்ணிலும் படும் பிள்ளைகளுக்கு நடுவே, யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு பையனின் மனத்தை அழகிரிசாமி கடைசிப் பக்கத்தில் திறந்து காட்டுகிறார். ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் படித்தபின் வீட்டுக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். விருந்தாளிகளும் பிள்ளைகளும் நிறைந்திருக்கும் வாரத்தில் இதைவிடப் பொருத்தமான கதை இல்லை. இந்தத் தலைப்பில் வந்த தொகுப்புக்கு 1970-இல் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது.

*பயணத்துக்கு, ஒரு சிறிய நாவல்.* பையில் கனக்கக் கூடாது, முதல் பக்கத்திலேயே இழுத்துக்கொள்ள வேண்டும். பூமணியின் 'வெக்கை' அப்படிப்பட்டது. கொலை ஒன்றோடு தொடங்கி, தப்பியோடும் மகனையும் தகப்பனையும் கரிசல் காட்டில் பின்தொடர்கிறது. 'அசுரன்' படம் பார்த்தவர்களும் மூலத்தில் வேறொரு அமைதியைக் காண்பார்கள். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பின்னணியாகக் கொண்ட அசோகமித்திரனின் 'தண்ணீர்' இன்னொரு நல்ல துணை.

4. தொடராக வந்த நூல்களைக் கவனியுங்கள்

தமிழில் பல பெரிய நூல்கள் முதலில் பத்திரிகைத் தொடர்களாக வந்தவை. வாரம் ஒருமுறை படிப்பவரை நினைத்து எழுதப்பட்டதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே அமர்வில் முடியும் அளவில் இருக்கும். நின்ற இடத்தை நினைவுபடுத்தும். அடுத்ததற்குக் கொக்கி போடும். நேரம் துண்டுபடும் மாதத்துக்கு இந்த அமைப்பு பெரிய வசதி.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், 293 அத்தியாயம். முழுவதையும் ஒரே மாதத்தில் முடிக்க நினைத்தால் நாளுக்குப் பத்து அத்தியாயம் படித்தாக வேண்டும். பண்டிகைக் காலத்தில் அது நடக்காது. முதல் பாகமான 'புது வெள்ளம்' மட்டும் 57 அத்தியாயம். நாளுக்கு இரண்டு என்று வைத்தால் மார்கழியின் 29 நாளில் முடிந்துவிடும். நடுவில் சில நாள் தவறினால் தையில் ஒரு வாரம் நீளட்டும், பாதகமில்லை. மற்ற நான்கு பாகங்களைத் தை, மாசி, பங்குனி என்று பரப்பிக்கொள்ளுங்கள். இந்தத் திட்டத்தில் 'புது வெள்ளம்' நாவலுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு நாவலைச் சேர்க்க வேண்டாம்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வெளிவந்தது, 122 அத்தியாயம். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த ஒருவரின் வாழ்க்கையை நாளுக்கு ஒரு அத்தியாயமாக மார்கழி முதல் நாள் தொடங்கினால், சித்திரை பிறக்கும்போது முடிக்கும் தறுவாயில் இருப்பீர்கள். இரண்டு நூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் இப்படிப் பல நூறு தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கித் தந்திருக்கிறது.

5. ஊர்ப்பயணத்தில்

"ரயிலில் படித்துக்கொள்ளலாம்" என்பது எந்த ரயில் என்பதைப் பொறுத்தது. இரவு ரயிலில் சாப்பிட்டுப் படுக்கை விரிப்பதற்குள் விளக்கை அணைக்கச் சொல்லும் குரல் வந்துவிடும். வைகை எக்ஸ்பிரஸ் போன்ற பகல் ரயிலில் எழும்பூரிலிருந்து மதுரை வரை ஏழு மணி நேரம் உட்கார்ந்துதான் போகிறோம். சாப்பாடு, பேச்சு, தூக்கம் போக மூன்று மணி நேரம் படிக்கலாம். முன்சொன்ன வேகத்தில் அது 90 பக்கம். சிறிய நாவலில் போகும்போது பாதி, திரும்பும்போது மீதி.

பேருந்தில் படித்தால் பலருக்குத் தலை சுற்றும். ஒலிப்புத்தகத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டு கேளுங்கள். வழியில் சிக்னல் போனாலும் கதை நிற்காது. போனில் படிப்பவர்களும் புத்தகத்தைப் பதிவிறக்கிக்கொண்டு, வாட்ஸ்அப் அறிவிப்புகளை நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும்.

6. இந்த விடுமுறை யாருக்கு?

வாசிப்புத் திட்டம் போடும் குடும்பங்கள் கேட்டாக வேண்டிய கேள்வி இது. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, கணவருக்கு அலுவலகம் இல்லை. ஆனால் அடுக்களைக்கு விடுமுறை கிடையாது. மூன்று வேளைச் சமையல் ஐந்து வேளையாகிறது. முறுக்கு சுடுவதும், போகிக்குப் பரண் ஒழிப்பதும், விருந்தாளிகளுக்குப் பாய் விரிப்பதும் பெரும்பாலான வீடுகளில் இன்றும் பெண்கள் தலையில்தான் விழுகின்றன. வீட்டில் எல்லோரும் படிக்கும் நேரம் என்று ஒன்றை வைத்துவிட்டு, அதே நேரத்தில் ஒருவர் மட்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்தத் திட்டம் நியாயமானதல்ல.

தீர்வு எளிது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் அடுக்களை மூடியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான்கு மணிக் காபியை வேறொருவர் போடட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் தட்டுக் கழுவத் தெரியும். அம்மாவோ அத்தையோ மருமகளோ தன் புத்தகத்தோடு யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை, ஊரிலிருந்து வந்த உறவினர்கள் முன்னிலையிலும் காப்பாற்றுங்கள்.

பிள்ளைகளுக்குத் தனிப் பட்டியல் போட வேண்டாம். மூன்று புத்தகங்களை முன்னால் வைத்து, ஒன்றை அவர்களே எடுக்கட்டும். அழ. வள்ளியப்பாவின் பாடல்களையும் வாண்டுமாமாவின் கதைகளையும் இன்றைய குழந்தைகளும் விரும்பிப் படிக்கிறார்கள். தேர்வு முடித்து வந்த பிள்ளையிடம் "கதையின் கருத்து என்ன?" என்று கேட்டு இன்னொரு தேர்வு வைக்காதீர்கள்.

பொங்கல் நாள்களில் தனியே படிப்பது கடினம், சேர்ந்து படிப்பது எளிது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் ஒரு கதையை உரக்கப் படிக்கட்டும். அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' தீபாவளிக் கதை என்றாலும் எந்தப் பண்டிகைக்கும் பொருந்தும். புதுத்துணியைப் பற்றிப் பிள்ளைகள் பேசும் பேச்சில் தொடங்கி, ஒரு ஏழைத் தாயின் பெரிய மனத்தில் போய் முடிகிறது. தாத்தா பாட்டிக்குக் கண் மங்கியிருந்தால் அவர்களுக்கும் இது விருந்து.

7. புத்தகக் காட்சி: இரண்டு பட்டியல்கள்

1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியைப் பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்களின் சங்கமான பபாசி நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், பெரும்பாலும் பொங்கலை ஒட்டி நடக்கிறது. பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. பல பதிப்பகங்கள் புதிய நூல்களை இந்த நேரத்துக்கென்றே கொண்டுவருகின்றன.

காட்சிக்குப் போவதற்கு முன் 'வாங்கும் பட்டியல்' என்று ஒன்றைத் தனியே எழுதுங்கள். அதை மார்கழியின் 'படிக்கும் பட்டியலோடு' கலக்காதீர்கள். காட்சியில் வாங்கும் புத்தகங்கள் தை, மாசிக்கு உரியவை. புதுப்புத்தகத்தின் ஈர்ப்பில், பாதியில் இருக்கும் நாவலைக் கைவிடுவதுதான் இந்த மாதத்தில் அதிகம் நடக்கும் விபத்து.

முடிந்தால் வேலைநாளில் போங்கள். வேலைநாள்களில் பிற்பகல்தான் திறப்பார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நெரிசல் இருக்காது, நின்று இரண்டு பக்கம் படித்துப் பார்க்கலாம். தெரியாத எழுத்தாளரின் புத்தகத்தில் முதல் பக்கத்தையும் நடுவில் ஒரு பக்கத்தையும் படித்த பிறகே முடிவெடுங்கள். பதிப்பகங்களின் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கி வந்தால் ஆண்டு முழுவதும் உதவும்.

பணம் கொடுத்துத்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. பொது நூலகங்கள் அரசு விடுமுறை நாள்களில் மூடியிருக்கும் என்பதால், தேவையானதை டிசம்பர் நடுவிலேயே எடுத்து, திருப்பிக் கொடுக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். வீட்டில் இடமோ அமைதியோ இல்லாதவர்களுக்குச் சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பிள்ளைகளோடு அரைநாள் செலவிட நல்ல இடங்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தைச் சேமிப்பது. என்ன தேடுகிறீர்கள் என்பதை நூலகரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

8. திட்டம் குலைந்தால்

குலையும். நான்கு நாள் தொடர்ந்து விட்டுப்போனால், விட்ட பக்கங்களைச் சேர்த்து ஈடுகட்ட முயலாதீர்கள். அன்றைக்கு உரிய அளவை மட்டும் படியுங்கள். ஐம்பது பக்கம் படித்தும் மனம் ஒட்டவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை மரியாதையோடு மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். வேறொரு வயதில் அதே புத்தகம் உங்களுக்குத் திறக்கக்கூடும். எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காகப் பக்கங்களைத் தாண்டித் தாண்டி ஓடுவதால் யாருக்கும் பயனில்லை.

மார்கழிக்கு முன் செய்ய வேண்டியவை

• காலண்டரை நான்காகப் பிரித்துக் குறியுங்கள்.
• இருபது நிமிடத்தில் எத்தனை பக்கம் என்று அளந்துகொள்ளுங்கள்.
• ஒரு நாவல், ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒரு பயணப் புத்தகம் என மூன்றைத் தேர்ந்தெடுத்துக் கையெட்டும் இடத்தில் வையுங்கள்.
• விடியற்காலை, மதியம், இரவு ஆகியவற்றில் ஒரு வேளையை முடிவு செய்யுங்கள்.
• வீட்டு வேலையைப் பங்கிட்டு, எல்லோருக்கும் படிக்கும் நேரம் கிடைக்க வழி செய்யுங்கள்.
• புத்தகக் காட்சிக்கு வாங்கும் பட்டியலைத் தனியே எழுதுங்கள்.

பண்டிகைகள் ஆண்டுதோறும் வரும். உறவினர்களும் வருவார்கள், வர வேண்டும். அவர்களை ஒதுக்கிவிட்டுப் படிப்பதைவிட, அவர்களுக்கு நடுவிலேயே நாளுக்கு இருபது நிமிடம் படிப்பது மேல். இந்த மார்கழிக்கு மூன்று புத்தகங்கள் போதும். அவற்றின் பெயர்களை இன்றே ஒரு தாளில் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.